சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் மட்டும்தான் சிவப்பு. பதினாறு வருஷமாக இந்த மனிதருக்கு அதுதான் கதி. யாராவது எங்கேயாவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், இவர் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓட வேண்டும்.

அறிவியல் காட்சியகத்தின் லிஃப்டும் இவர் பொறுப்புதான். மாதம் ஒருமுறை, ஜனங்கள் வருவதற்கு முன்பே போய் கிரீஸ் போட்டுவிட்டு வந்துவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் அளப்புக்குக் குறைச்சல் இல்லை. சந்திரனில் நம் எடை எவ்வளவு என்று காட்டும் தராசு, ஆளைக் குள்ளமாக்கும் கண்ணாடி என்று காவலாளி சொன்னதையெல்லாம் பிள்ளைகளிடம் அவிழ்த்துவிடுவார். "முதல்முதலா அப்பாதான் உங்களுக்குக் காட்டுவேன்" என்று சத்தியம் வேறு. அந்த ஒரு ஆசைதான் அவருக்கு. ஏழெட்டு முறை கிளம்பி, ஏழெட்டு முறையும் போன் வந்து கெடுத்தது.

இந்த ஞாயிறு போனை அணைத்தே வைத்துவிட்டார்.

வாசலில் நுழைந்ததுமே எட்டு வயது மூத்தவன் "அடேயப்பா!" என்றான். ஐந்து வயது சின்னவள் "ஐ!" என்று கத்தினாள். மனைவியும் வாயைப் பிளந்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தானே கட்டிய கட்டடம் மாதிரி முன்னால் நடந்தார்.

மாடியில் ஓர் இருட்டு அறை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம், அதன் உச்சியில் செம்பு வளையம். இப்படி ஒன்று இருப்பது அவருக்கே தெரியாது. விளக்கம் சொல்ல வந்த பெண் இன்னும் வாயே திறக்கவில்லை. சின்னவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, காதைப் பொத்திக்கோங்க. படார்னு மின்னல் வெடிக்கும்."

சொல்லிவிட்டுத் தன் காதையும் பொத்திக்கொண்டாள். மூத்தவன் அவளை நறுக்கென்று கிள்ளினான். "ஏய், சொல்லக்கூடாதுன்னு சித்தப்பா சொன்னாருல்ல!"

படார் என்று வெடித்தது. அறையே அலறியது. அவர் மட்டும் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டார். "எப்போ?"

"போன மாசம்." அவள் தலை நிமிரவில்லை. "உங்க தம்பி அவர் பிள்ளைங்களோட கிளம்பினார். இதுங்களும் அழுதுச்சுங்க. எத்தனை தடவைங்க ஏமாறும்? உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல."

"போன மாசம் எப்போ?"

"அவருக்குப் பதிலா நீங்க வேலைக்குப் போனீங்களே, அந்த ஞாயித்துக்கிழமை."

தம்பியும் அதே கம்பெனியில் மெக்கானிக். அன்று காலை போன் பண்ணினான். "பல்வலி உயிர் போகுதுண்ணே. இன்னைக்கு ஒருநாள் என் டூட்டியையும் பார்த்துடு." இவரும் பார்த்தார். ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஏழு பேரை வெளியே இழுத்ததில் விரல் நகம் பெயர்ந்தது. வீடு திரும்புகிற வழியில் கிராம்புத் தைலம் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். அந்தப் படுபாவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கதவைத் திறந்து, தைலத்தையும் வாங்கிக்கொண்டான். கூடப் பிறந்தவன்!

தம்பியை இரண்டு அறை விட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் அப்போது நினைத்தார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கவில்லை.

சின்னவள் மெல்ல வந்து அவர் மடியில் ஏறினாள். கிள்ளு வாங்கிய கையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, வாசல்ல நான் 'ஐ'ன்னு கத்தினது நல்லா இருந்துச்சா? அம்மா நேத்து வீட்ல நாலு தடவை கத்திப் பார்க்கச் சொன்னாங்க."

அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை.

"நல்லா இருந்துச்சும்மா. அப்பா நம்பிட்டேன்."