மடிப்புக்குள் மஞ்சள்

நேற்று மகனுடைய புதுச் சட்டைக் காலரில் வைக்க மருமகள் மஞ்சளைக் குழைத்தாள். "வேண்டாம், ஆபீஸ்ல சிரிப்பா" என்று அவன் சட்டையைப் பிடுங்கினான். ஈர மஞ்சள் வாசனையில் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

முதல் உலக யுத்த சமயம் நாங்கள் வங்காளத்தில் இருந்தோம்; எனக்கு ஏழு வயது இருக்கும். காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சட்டை தைக்கச் சொல்லி, அப்பா ஆபீஸ் துரையின் மனைவி குமாஸ்தாக்கள் வீட்டுக்கெல்லாம் வெள்ளைத் துணி அனுப்பினாள். அம்மா சமையலை முடித்துவிட்டு ஜன்னலடியில் உட்கார்ந்து கையாலேயே தைப்பாள். தைத்து முடித்த ஒவ்வொரு காலரிலும் துளி மஞ்சள் வைப்பாள்.

அனுப்பிய மூட்டை அப்படியே திரும்பி வந்தது.

"கறையாம். சுத்தமா வேணுமாம்" என்றார் அப்பா.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மஞ்சள் படாத புதுசை அடிபட்ட பிள்ளைக்குப் போடலாமா? பெத்தவ பக்கத்துல இருந்தா விடுவாளா?"

எதிர்வீட்டு வங்காளி மாமியை மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். விஷயம் தெரிந்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி அசடே, கீழ்மடிப்புக்குள்ள வை. மேம்சாகேப் தையலைப் பிரிச்சா பாக்கப்போறா?" என்று அவள் பாஷையில் சொன்னாள்.

அம்மா காலர்களைச் சோப்புப் போட்டுத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டாள். வெயிலில் மஞ்சள் வெளுத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு சட்டையின் கீழ்மடிப்பையும் பிரித்து, உள்ளே மஞ்சள் தொட்டு மறுபடி தைத்தாள். இந்தத் தடவை மூட்டை திரும்பவில்லை. "எந்தப் பிள்ளை போட்டுண்டிருக்கானோ" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் மகனிடமிருந்து சட்டையை வாங்கினேன். கீழ்மடிப்பை உள்பக்கமாகத் திருப்பி மருமகளிடம் நீட்டினேன்.

"இங்க வைடீம்மா."