மறுபடியும் வந்த பணம்

மோட்டார் அறையைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்தவர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். பூட்டித்தான் இருக்கிறது. சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பையையும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்கிறார். முட்டைக்கோஸ் பயிரிடும் இந்த மனிதருக்கு ஊரில் ‘ரெண்டு தடவை’ என்றே பெயர். “நல்லவேளை, கல்யாணம் மட்டும் ஒரு தடவையோட நின்னுச்சு” என்பார் மனைவி.

பெருந்தொற்றுக் காலத்தில் சந்தையை மூடிவிட்டார்கள். திரண்டு நின்ற நாலு ஏக்கர் கோஸையும் டிராக்டர் விட்டு மண்ணோடு மண்ணாக உழுதார். அழுகல் வாடை ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. பிறகு அரசு, விவசாயிகளுக்கு நிவாரணம் அறிவித்தது. கைப்பேசியில் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினார். திரை வெள்ளையாக நின்றுவிட்டது. போனதோ, போகவில்லையோ? மறுநாள் இன்னொன்றை அனுப்பினார்.

பணம் வந்தது. பதினொரு நாள் கழித்து அதே தொகை மறுபடியும் வந்தது.

முதல் தொகை விதைக்கும் உரத்துக்கும் போயிற்று. இரண்டாவதை அவர் தொடவில்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் தட்டில் வைத்த கை எழும்பாது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கைப்பேசியை மனைவியிடம் நீட்டிவிடுவார். தணிக்கை வருகிறதாம், வட்டியோடு பிடுங்குவார்களாம், உள்ளே தள்ளுவார்களாம் என்று டீக்கடையில் யாரோ சொல்ல, அந்தப் பக்கம் போவதையே விட்டார்.

“வர்ற சீதேவிய எதுக்குடா எட்டி உதைக்கிற?” என்றார் அண்ணன். “கவர்மெண்டுக்கே தெரியல. உனக்கென்ன வந்துச்சு?”

“தெரியாம இருக்குறதுதாண்ணே தூங்க விடமாட்டேங்குது. என்னைக்குத் தெரியுமோன்னு எத்தனை நாள் காத்திருக்கிறது?”

வேளாண் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். “வாங்குறதுக்குத்தான் ஐயா படிவம் இருக்கு. திருப்பிக் குடுக்க இல்லையே” என்று கையை விரித்தார் குமாஸ்தா அம்மாள். பாவம், அவரும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். ஐந்தாம் முறை போனபோது உத்தரவு வந்திருந்தது. பணத்தைக் கட்டி, முத்திரை குத்திய ரசீதை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ரசீதை ரெண்டு தடவை படித்தார்; மாதக்கணக்கான பயம் விட்டது.

அப்போதுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தார். நிதி தீர்ந்துபோனதால் நிவாரணம் கிடைக்காதவர்களின் பட்டியல். முதல் பெயர், பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிக்காரம்மாவுடையது. கணவரைத் தொற்றுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றை ஆளாகப் பாடுபடுகிறவர்.

“ஏம்மா, நான் கட்டுன பணம் இவங்களுக்குப் போகுமா?”

“அது கஜானாவுக்குப் போயிடும் ஐயா. திட்டத்தையே மூடிட்டாங்க.”

“அந்த ரெண்டாவது மனுவ நான் போடாம இருந்திருந்தா?”

குமாஸ்தா கோப்பைக் கட்டத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்தா தக்காளிக்காரம்மா கையில் மனுவோடு உள்ளே வர வேண்டும்!

“என்னண்ணே, நீங்களும் இங்கயா? எனக்கு ஏதாச்சும் வருமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

பெஞ்சில் இன்னும் மூன்று பேர் உட்கார இடமிருந்தது. அவர் எழுந்தார். “உக்காரும்மா” என்று சொல்லிவிட்டு எதிர்ச் சுவருக்குப் போய், அந்தப் பட்டியலை முதுகால் மறைத்தபடி நின்றுகொண்டார்.