கும்பிட்டால் நகரும் கார்

சிறு வயதில் வந்த போலியோவால் எனக்கு இரண்டு கால்களும் பலமிழந்துவிட்டன என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். நம் கார் வந்த புதிதில் அதில் ஏறவே மாட்டேன் என்று உங்கள் அம்மா சொன்னது நினைவிருக்குமா தெரியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் என்னிடம் இருந்தது, பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். போத்தனூருக்குள் சுற்ற அது போதும். ஆனால் நாலு பேர் ஏற முடியாது. தாராபுரம் பக்கம் அம்மாவைப் பெற்ற உங்கள் அப்புச்சி ஊரில் கோயில் நோம்பி வந்தால், அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவாள். பஸ் படி எனக்கு உயரம். நான் வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிட்டுக்கொள்வேன். தூக்குப்போசியில் கறிக்குழம்பு வந்து சேரும், அதில் குறையில்லை. ஆனால் ஒரு நோம்பியில்கூட நாம் நாலு பேரும் சேர்ந்து நின்றதில்லை. அதற்காகத்தான் கிளட்ச் இல்லாத பழைய கார் ஒன்றை வாங்கினேன்.

கார் ரிப்பேர் ஷெட்டுக்காரர் பெடல்களோடு கம்பிகளைப் பிணைத்து, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு லீவர் வைத்துக் கொடுத்தார். முன்னால் தள்ளினால் பிரேக். நம் பக்கம் இழுத்தால் வேகம். ஸ்டீயரிங்கின் மேல் எலுமிச்சம்பழம் போல ஒரு குமிழ், ஒரே கையால் பிடித்துச் சுற்ற.

"இனிமே கைதானுங்க உங்களுக்குக் காலு. பிரேக்கை விட்டா வண்டி தானா நவுரும், அதை மட்டும் மறந்துபோடாதீங்க" என்றார்.

தலையாட்டினேன். லைசென்ஸும் கிடைத்தது.

நோம்பிக்கு முந்தின வாரம், வாசலிலிருந்து காரைத் தெருவுக்கு எடுத்துக் காட்டுவதாகச் சொன்னேன். அம்மா உங்களைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்தார். எனக்கு மாமன் முறை.

"என்ன மாப்ள, காரு எடுத்தாச்சாட்ட இருக்குதுங்களே?"

நம் பக்கத்தில் பெரியவர்களுக்கு ஒற்றைக் கையை ஆட்டினால் மரியாதை ஆகாது. "வாங்க மாமா" என்று இரண்டு கையையும் கூப்பினேன். கார் கிளம்பிவிட்டது. வேகமில்லை, எருமை தண்ணீர் குடிக்கப் போகிற நடைதான். கூப்பிய கையும் சிரித்த முகமுமாகப் போய் மாட்டுத் தொட்டியில் இடித்து நின்றேன். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர் நசுங்கியது.

"தேர்ல சாமி போறாப்பல போறீங்க மாப்ள. சாமி கும்புடாது, நீங்க கும்புடறீங்க, அதான் வித்தியாசம்" என்றார் பெரியவர்.

அம்மா சிரிக்கவில்லை. "நாங்க பஸ்லயே போய்க்கறமுங்க" என்றாள்.

"ஏனம்மணி, ஏதோ கை தவறிப்போச்சு" என்றேன்.

"தவறுலீங்க. வேணும்னேதான் கும்பிட்டீங்க. தாராபுரம் போற வழியெல்லாம் எங்க சொந்தம். எத்தன பேரக் கும்புடுவீங்க?"

மறுநாள் காலையில் அவளே வந்தாள். "கெரவுண்டுக்குப் போலாம் வாங்க. பழகிட்டீங்கன்னா காரு. பழகலீன்னா பஸ்ஸு."

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானம் காலியாக இருந்தது. நான் காரை மெதுவாக உருட்டி வர, நீங்கள் மூன்று பேரும் ஒவ்வொருவராக எதிரில் ஓரமாக நின்று கும்பிட்டீர்கள். அம்மா பெரியம்மாவாக வந்தாள், சம்பந்தியாக வந்தாள். பெரியவள் தலையில் துண்டைக் கட்டி அப்புச்சியாக வந்தாள். சின்னவன் யாராக வந்தான் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒவ்வொரு கும்பிடுக்கும் என் கை எழும்பும், அம்மா "கையி, கையி" என்பாள். கையை அடக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். தலையைக் குனிந்து, கையில் குறைந்த மரியாதையை வாயில் கூட்டிவிடுவது. "வாங்க மாமா, நல்லாருக்கீங்களாங்க, வாரனுங்க." இரண்டு 'ங்க' சேர்த்துச் சொன்னதும் கை தானாக லீவரில் தங்கியது.

நோம்பியன்று அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். சூலூர் தாண்டும்வரை தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள்.

"நீ எதுக்கு மிதிக்கற? என் காலே சும்மாதான் இருக்குது" என்றேன்.

"ரோட்டப் பாருங்க."

பல்லடத்தில் டீக்கடை வாசலில் நின்ற அவளுடைய சித்தப்பா எங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார். நான் தலையைக் குனிந்து, எல்லா 'ங்க'வையும் போட்டுச் சொல்லிவிட்டுப் பிரேக்கைத் தள்ளி நிறுத்தினேன். அம்மா சித்தப்பாவைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். அவரிடம் விடைபெற்றுக் கிளம்பிய பிறகு அவள் கால் மிதிப்பது நின்றுவிட்டது.

குண்டடம் பக்கம் காற்றாலைகளை நீங்கள் எண்ணிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். முன்சீட்டிலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அவள் ஒருநாளும் தூங்கியதில்லை.

அப்புச்சி ஊருக்குத் திரும்பும் ரோடு வந்தது. திரும்பிய உடனே பெரிய வேகத்தடை, ஏறி இறங்கினால் எழுந்துவிடுவாள். நான் நேராகவே ஓட்டினேன்.

"அப்பா, ஊரு பின்னால போயிருச்சு" என்றாள் பெரியவள்.

"தெரியும் கண்ணு. சத்தம் போடாம வா."