ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மனைவியே நம்பவில்லை, உங்களை நான் எப்படிக் குறை சொல்வது? ஆனால் நடந்தது. பட்டப்பகலில், டியூப்லைட் எரிகிற அறையில், நான் முழு நிதானத்தில் இருக்கும்போது நடந்தது.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். தினமும் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்று என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்ட கையோடு என் மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். இருபத்து மூன்று வயது. அப்பா அம்மா இல்லை. என் மனைவிதான் தூக்கி வளர்த்தாள். அவள் அன்றைக்கென்று வெளியூரில் இருந்தாள். போனில் அழவில்லை. "உங்கள நம்பித்தான் அவன விட்டுட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமையில் ஆஸ்பத்திரியைப் பார்த்திருக்கிறீர்களா? லீவு விட்ட பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். ஸ்கேன் அறைக்குப் பூட்டு. மருந்துக் கவுண்டரில் பாதி ஷட்டர். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே ஒரு டியூட்டி டாக்டர், சின்னப் பெண், கால் தரையில் பாவாமல் ஓடிக்கொண்டிருந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார்.

"பெரிய டாக்டர் நாளைக்குக் காலையில ரவுண்ட்ஸ் வருவார். ஸ்கேனும் நாளைக்குத்தான்."

"அதுவரைக்கும்?"

"பார்ப்போம்."

ஆள் குறைவு என்பதால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை ஒரே அறையில் போடுவது அங்கே வழக்கம். அன்று இவன் மட்டும்தான் என்று நினைத்தேன். ஆனால் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருந்தார்.

"தம்பிக்கு எங்க வலி?" நடுவயதுக் குரல்.

"தொப்புள்கிட்ட."

"அப்படியே வலது பக்கமா இறங்கும் பாருங்க. எனக்கும் அப்படித்தான்."

நல்ல ஆறுதல் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அரை மணி நேரம் போயிருக்கும். மைத்துனன் முனகினான்.

"மாமா... வலி வலது பக்கமா இறங்கிடுச்சு."

"இனிமே வாந்தி வரும்" என்றது அந்தப் பக்கக் குரல். "பச்சையா."

வந்தது. பச்சையாக.

சிஸ்டர் வந்து துடைத்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும், பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். "டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றார். போகும்போது திரைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. பிறகு போய்விட்டார்.

"பெரிய டாக்டர் வந்தாச்சா?" என்று கேட்டார் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

"நாளைக்குத்தானாம் அண்ணே."

"என்கிட்டயும் அதத்தான் சொன்னாங்க."

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவரிடமிருந்து குரல் மட்டும்தான் வந்தது. புரண்டு படுக்கிற சத்தம் இல்லை. கட்டில் கிறீச்சிடவில்லை. பேச்சுக்கு நடுவில்... மூச்சு இல்லை.

"உங்க கூட யாரும் வரலையா?"

"ஒத்தையாத்தான் வந்தேன். தம்பிக்கு நீங்க இருக்கீங்க. ஓடுறதுக்கு ஒரு ஆள் வேணும்."

ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாடா..." என்றது குரல். "வலி நின்னுடுச்சு."

"நல்லதாப் போச்சு அண்ணே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."



எழுந்தேன். திரையை விலக்கினேன்.

மெத்தை இல்லாத இரும்புக் கட்டில்.

ஆள் இல்லை.

என் பின்னாலிருந்து மைத்துனன்...

"அப்பாடா... வலி நின்னுடுச்சு மாமா."

சிரித்தான்.

நான் ஓடினேன்.

டியூட்டி டாக்டரை வராந்தாவில் மறித்து, வலி நின்றுவிட்டது என்றேன். "வலி நின்னது நல்லதுதானேங்க?" என்றார். "இல்ல மேடம், இல்ல!" ஏன் என்று கேட்டால் எதைச் சொல்வது? கையைக் கூப்பிக்கொண்டு அழுதேன். அந்த அழுகையை என் மனைவி பார்த்திருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பாள். அதைச் சகிக்க முடியாமலோ என்னவோ, டாக்டர் வந்து வயிற்றில் கை வைத்தார். பலகை மாதிரி இருந்தது. முகம் மாறிவிட்டது. அங்கிருந்தபடியே போன் போட்டார்.

பெரிய டாக்டர் வீட்டுச் செருப்போடு வந்தார். அப்பெண்டிக்ஸ் வெடித்திருந்தது.

"வெடிச்சதும் கொஞ்ச நேரம் வலி அடங்கும்" என்றார் ஆபரேஷன் முடிந்து. "கூட இருக்கிறவங்களும் நிம்மதியாயிடுவாங்க. காலையில பாத்துக்கலாம்னு விட்டிருந்தீங்கன்னா..."

மைத்துனன் பிழைத்தான். இப்போது என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறான்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அந்த சிஸ்டரைத் தனியாகப் பிடித்து அந்தக் குரலைப் பற்றிக் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"லாரி டிரைவர். ரெண்டு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை வந்து சேர்ந்தார். திங்கக்கிழமை காலையில பெரிய டாக்டர் வந்து கையத் தொட்டப்ப ஐஸ் மாதிரி இருந்துச்சு."

"அவர் பேசுறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்களுக்கு முன்னால நாலு பேர் சொல்லியிருக்காங்க. எல்லாரும் ஞாயித்துக்கிழமை வந்தவங்க. எல்லாருமே பொழச்சுக்கிட்டாங்க."

சிஸ்டர் கையிலிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"வலி நின்னுடுச்சு சிஸ்டர்னு அவர் சொன்னது என்கிட்டதான். சரி, தூங்குங்கன்னு லைட்ட அணைச்சதும் நான்தான். அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை டியூட்டிய நானே கேட்டு வாங்கிக்கிறேன். அந்தத் திரைகிட்டப் போய்ப் போய் நிக்கிறேன்..."

பஞ்சு தீர்ந்துவிட்டது.

"என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறார்."