உள்ளே கொஞ்சம் துணி விட்டு

எங்கள் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. வாங்கின துணி உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் ஒத்துவர வைப்போம். வணிக வளாகத்தின் அடித்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே, மூன்று மெஷின், ஒரு இஸ்திரி மேசை, திரை போட்ட ஒரு ட்ரையல் ரூம். அவ்வளவுதான் கடை. நான் ஜிப் மாற்றுகிறவள். அதனால் என் பெயரே ஜிப்பு ஆகிவிட்டது. வாய்க்கு மட்டும் ஜிப் கிடையாது என்று கடைக்காரர் சொல்வார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடுத்த மெஷின் இஞ்சக்காவுடையது. எந்த பேன்ட்டைக் குறைத்தாலும், எந்தச் சட்டையை இறுக்கினாலும், உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டுத்தான் தைப்பாள். அதில் வந்த பெயர். வெட்டி எறி, ஓரம் தடிக்காமல் இருக்கும் என்று கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும் கேட்க மாட்டாள். "நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்ல" என்பாள். நிஜமாகவே இரண்டு வருஷம் கழித்து வயிறு பெருத்து வந்து நிற்பவர்கள் உண்டு. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ தேர்வில் முதலாவதாக வந்த மாதிரி இருக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் அவளை ஆண் என்றுதான் நினைத்திருந்தோம். மூன்று வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "நான் பொம்பளை, ஜிப்பு. சின்ன வயசுலேர்ந்தே" என்றாள். நான், "அப்படியா, அந்த எண்ணெயை இப்படிக் குடுங்க" என்றேன். பிறகு இரண்டு பேரும் வேலையைப் பார்த்தோம். அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே நல்ல காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன். அதன் பிறகு ஆறு வருஷமாக ஹார்மோன் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரி வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பு.

போன மாதம் அந்த வரிசை நகர்ந்து அவள் பெயர் வந்தது. அடுத்த மாதம் பதினாலாம் தேதி ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். ஆனால் எந்த ஆபரேஷன் என்பதை அந்த வார வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அவள் சொல்லியாக வேண்டும். ஆபரேஷன் அறையை எத்தனை மணி நேரத்துக்கு ஒதுக்குவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். சொல்லாவிட்டால் அந்த நாள் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிறகு இன்னும் ஒன்றரை வருஷம். நாற்பத்து மூன்று வயதில் ஒன்றரை வருஷம் என்பது சின்ன விஷயமா?

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க அவளோடு நானும் போனேன். துணைக்கு ஒரு ஆள் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஒரு அம்மா, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு தாளில் படம் போட்டு நிதானமாகச் சொன்னார். முதலாவது, விதைகளை மட்டும் எடுப்பது. சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது, வெளியே முழுவதும் பெண்ணுக்கு இருப்பது போலவே அமைப்பது, ஆனால் உள்ளே வழி இருக்காது. மூன்றாவது, உள்வழியோடு சேர்த்து அமைப்பது. அந்த வழி மூடிக்கொள்ளாமல் இருக்க டைலேட்டர் என்று ஒரு சாதனம் இருக்கிறது, அதைத் தினமும் வைத்துப் பழக வேண்டும். முதல் சில மாதம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. போகப் போகக் குறையும், ஆனால் ஒரேயடியாக விட்டுவிட முடியாது.

மேசை இழுப்பறையிலிருந்து அந்தச் சாதனத்தை எடுத்து வரிசையாக வைத்தார். அளவு வாரியாக ஐந்து. இஞ்சக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், பட்டன் அளவு பார்ப்பது போல. அவள் உள்ளங்கை வியர்த்து அந்த பிளாஸ்டிக்கில் தடம் பதிந்தது.

"இதுல எது நல்லதுங்க?" என்று நான்தான் குறுக்கே பாய்ந்தேன்.

"நல்லது கெட்டதுன்னு இல்லம்மா. மூணாவது பண்ணிக்கிட்டு சந்தோஷமா இருக்கிறவங்க நிறைய பேரு. ரெண்டாவதோட நிம்மதியா இருக்கிறவங்களும் இருக்காங்க. இவங்களுக்கு எது வேணும்னு இவங்கதான் சொல்லணும்."

இஞ்சக்கா தொண்டையைக் கனைத்தாள். "டாக்டர், இப்ப சின்னதா பண்ணிட்டு, உள்ள கொஞ்சம் விட்டு வைக்க முடியுமா? பின்னாடி தேவைன்னா பிரிச்சு விட்டுக்கிற மாதிரி."

டாக்டருக்குப் புரியவில்லை. "பிரிச்சு விடறதுன்னா?"

இஞ்சக்கா தன் சட்டைக் கையைத் திருப்பி உள்மடிப்பைக் காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். டாக்டரும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல கேள்விதான். ஆனா இது துணி இல்லம்மா. முதலாவது மட்டும் பண்ணிட்டு வருஷக்கணக்கா விட்டா, உள்வழி அமைக்க எடுக்கிற தோல் சுருங்க வாய்ப்பிருக்கு. அப்புறம் மூணாவது வேணும்னா தோல் பத்தாம, வேற இடத்துலேர்ந்து எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ரெண்டாவது பண்ணிட்டு மூணாவதுக்கு வர்றதும் அப்படித்தான். முடியவே முடியாதுன்னு சொல்லல. கஷ்டம். பின்னாடி ஆகும்னு சேர்த்து வைக்கிற கணக்கு இங்க சரியா வராது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இஞ்சக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசினேன். முதலாவது போதும் என்றேன். உயிருக்கு ஆபத்தில்லை, மூன்று நாளில் மெஷினில் வந்து உட்காரலாம், இந்த வயதில் எதற்கு இத்தனை கத்தி என்றேன். அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன் என்று நானே நம்பினேன். உண்மையில் எனக்குப் பயம். மயக்க மருந்து கொடுத்து அவளைத் தள்ளிக்கொண்டு போவதையும் கதவு மூடுவதையும் நினைத்தாலே பயம். அந்தப் பயத்தை அவள் தலையில் கட்டப் பார்த்தேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் அவளாக இல்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டேப்பைத் தேடினாள். காலையில் மூன்றாவது என்பாள். மதியம் முதலாவது என்பாள். சாயங்காலம் எதுவும் வேண்டாம், இப்படியே கிடந்துவிட்டுப் போகிறேன் என்பாள். ஊரில் இருக்கும் அவள் அம்மா வாராவாரம் போன் பேசும்போதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வார்: மாத்திரை சாப்பிடுவதானால் சாப்பிடலாம், திரும்ப மாற்ற முடியாததை மட்டும் நான் இருக்கும் வரை பண்ண வேண்டாம். அது அவள் காதிலேயே உட்கார்ந்திருந்தது. அவள் முகம் இஞ்சி தின்ற முகமாகவே இருந்தது. பெயருக்குப் பொருத்தம்தான் என்று சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அது நடந்தது. குட்டையாக ஒருவர் புது பேன்ட்டை நீளம் குறைக்கக் கொடுத்திருந்தார். இஞ்சக்கா சாக்பீஸால் கோடு போட்டு, இடது காலை வெட்டினாள். மடித்து ஊசி குத்தினாள். பேன்ட்டைத் திருப்பிப் போட்டாள். பக்கம் மாறிப்போனதை மறந்து, மறுபடியும் இடது காலையே வெட்டினாள். அதுவும் மடிப்புக்குக்கூடத் துணி விடாமல், கோட்டை ஒட்டி, சுத்தமாக. ஒன்பது வருஷத்தில் ஒரு நூல்கூட அவள் அப்படி வெட்டி நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் அந்த பேன்ட்டைத் தூக்கிப் பிடித்தார். ஒரு கால் பாதத்துக்கும் கீழே, ஒரு கால் முழங்காலுக்குப் பக்கத்தில். "இதை எவன் போடுவான்? நொண்டி ஆடறவனா?" என்று கத்தினார். இஞ்சக்கா எழுந்து ட்ரையல் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மணி இரண்டே முக்கால்.

நானும் உள்ளே போனேன். இரண்டு பேர் நிற்க இடம் போதாத அறை அது. அவள் ஸ்டூலில் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மூணுல எது நல்லதுன்னு நாலு நாளா யோசிக்கிறேன்னு நெனச்சேன்டி" என்றாள். "இல்ல. எதைப் பண்ணா திரும்பி வரலாம்னுதான் யோசிச்சிருக்கேன்."

"யாருக்காகத் திரும்பி வரணும்?"

"அம்மாவுக்கு. மொதலாவது பண்ணிக்கிட்டா, பெருசா ஒண்ணும் பண்ணலம்மான்னு சொல்லிக்கலாம். மூணாவது பண்ணிக்கிட்டா, யாராவது ஒருத்தன் வந்துட்டான்னா ஆகும்."

"வந்துட்டானா?"

"நாப்பத்திமூணு வருஷமா வரல. வழியில எங்கயோ மாட்டிக்கிட்டான்போல." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "மூணாவது வேணுங்கிறவங்களுக்கு அது வேணும்தான், ஜிப்பு. ஆஸ்பத்திரியில மூணாவது பண்ணிக்கிட்ட ஒரு பொண்ணு எங்கிட்ட சொன்னா, நூறு தடவை கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்னு. அவ சொல்றப்போ முகமே மலர்ந்துபோச்சு. எனக்கு அப்படி மலரல. டாக்டர் காட்டுன அந்தக் குச்சியைப் பாத்தா அலுப்பாத்தான் இருந்துச்சு."

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

இந்தக் கேள்வியை நான் திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

அவள் உடனே சொன்னாள். "குளிக்கறப்போ குனிஞ்சு பாக்கணும். பாத்தா என் உடம்பா இருக்கணும். அவ்வளவுதான். ரெண்டாவது." சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நாளைக்கு வருத்தப்பட்டேன்னா?"

அதெல்லாம் படமாட்டீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. எனக்கென்ன தெரியும்? "பட்டா படுங்க. எங்கிட்ட வந்து புலம்புங்க. நான் திட்டறேன்" என்றேன். அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை.

மூன்றேகாலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். "ரெண்டாவதுதான்" என்றாள் இஞ்சக்கா. "பின்னாடி மாத்தறது கஷ்டம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. தெரியும். எழுதிக்குங்க." போனை வைத்ததும் நிம்மதி வரும் என்று இருவருமே எதிர்பார்த்தோம். வரவில்லை. பதினாலாம் தேதிதான் கண் முன்னால் வந்து நின்றது.

"அம்மாகிட்டயும் இப்பவே சொல்லிடறேன். இப்ப விட்டா சொல்லவே மாட்டேன்" என்றாள். போனை மடியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

அவள் அம்மா பேசுவதை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து மகனைக் கூப்பிடுகிற மாதிரியும் கூப்பிட மாட்டார், மகளைக் கூப்பிடுகிற மாதிரியும் கூப்பிட மாட்டார். பெயரும் கிடையாது. எதிரே ஆளே இல்லாதது போன்ற கேள்விகளாகப் பார்த்துக் கேட்பார். ஆறு வருஷமாக அப்படித்தான்.

"சாப்பிட்டாச்சா?" என்றார் அன்றைக்கும்.

"ஆச்சும்மா. அடுத்த மாசம் பதினாலு ஆபரேஷன். சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எந்த ஆபரேஷன்?"

"திரும்ப மாத்த முடியாததும்மா."

இணைப்பு போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். பிறகு அம்மா தொடங்கினார். கொட்டித் தீர்த்தார். ஒரே ஒன்றைத்தானே கேட்டேன், அதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையா என்றார். யார் பார்த்துக்கொள்வார்கள், யார் சோறு போடுவார்கள் என்றார். இஞ்சக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் போனை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"மயக்க மருந்து குடுத்து எந்திரிக்காமயே போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அதை யோசிச்சியா? அறிவிருக்காடி உனக்கு?"

அவ்வளவுதான். அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டுவிட்டது.

இஞ்சக்கா மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஜிப்பு, கடைசியா அம்மா என்ன கேட்டாங்க?"

"அறிவிருக்கான்னு கேட்டாங்க."

"முழுசா சொல்லு."

"அறிவிருக்காடி உனக்குன்னு கேட்டாங்க" என்று அந்த 'டி'யை விடாமல் முழுசாகச் சொன்னேன்.