இருபத்தாறு எழுத்தில் இருபத்துநாலு தப்பு

எங்கள் தொழிலில் ஒரு மிஷின் சரியாக வேலை செய்யவில்லை என்றால், முதல் சந்தேகம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்மேல்தான் விழும்.

எழுபதுகளில் மான்ட்ரியாலில், கை கால் வராதவர்களும் கண் தெரியாதவர்களும் கம்ப்யூட்டரை உபயோகிக்க வழி தேடிய ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு வருஷம் குப்பை கொட்டினேன். திருச்சியில் எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள். கல்லூரி வேலைக்கு வந்த கணவரோடு பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாவது மாடியில் குடியேறி, குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த எனக்கு அந்த வேலை பெரிய விடுதலை. பெரிய மனுஷர் ஒருவருக்குக் கீழே ஃபாரம் நிரப்பியே காலத்தை ஓட்டியவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும். என்னைத் திட்டுகிற உரிமையும் உங்களுக்குத்தான் உண்டு.

புள்ளி சரி, பக்கம் தப்பு

நான் சேர்ந்த புதிதில் செய்த வேலை பிரெயில் அச்சு. கம்ப்யூட்டரின் பிரிண்டருக்குள் காகிதத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டுவோம். முற்றுப்புள்ளியை மட்டும் ஓங்கி அடிக்கச் சொன்னால் காகிதம் மறுபக்கம் மேடு தட்டும். அந்த மேடுகளைத் தடவிக் கண் தெரியாதவர்கள் படிக்கலாம். புரோகிராம் என்னுடையது. ஒவ்வொரு புள்ளியையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு மூன்று தடவை சரிபார்த்தேன். அவ்வளவு பெருமை!

பியானோ சுருதி சேர்க்கிற கஸ்தோன் என்பவர்தான் எங்கள் பரிசோதனை ஆள். பிறவியிலேயே பார்வை இல்லை. காகிதத்தைத் திருப்பி விரலை ஓட்டினார், நெற்றியைச் சுருக்கினார், மறுபடி ஓட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மையில் பார்க்கிற பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. அவர் தடவுகிற பின்பக்கத்தில் எல்லாமே இடவலம் மாறி இருந்தது. நாங்கள் நாலு பேர் படித்தவர்கள், நாலு பேருக்கும் கண்தான் நினைவுக்கு வந்ததே தவிர விரல் வரவில்லை. கஸ்தோன் காகிதத்தை அழகாக மடித்து என்னிடம் கொடுத்தார்.

“இதைச் செஞ்சவங்க யாரும் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கலை, இல்லையா மதாம்?”

விருந்தாளிகள் வந்த நாள்

அதற்கப்புறம் என்னை விளக்குப் பலகைக்கு மாற்றினார்கள். பேச்சும் கையும் போனவர்களுக்கான மிஷின் அது. எழுத்துகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் விளக்கு மாறி மாறி எரியும். வேண்டிய எழுத்தில் விளக்கு வரும்போது கன்னத்தால் ஒரு சுவிட்சைத் தட்டினால் அந்த எழுத்து காகிதத் துண்டில் அச்சாகும். ஓர் எழுத்துக்கு அரை நிமிஷமாவது ஆகும்.

அதில் உட்கார்ந்தவர் மதாம் லூசியேன். வில்லரேயில் வீடு, தையல் ஆலையில் வேலை, முப்பத்தாறு வயது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துத் தலையை லேசாக இடதுபக்கம் சாய்ப்பது மட்டும் மிச்சம். பக்கத்து ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார், அங்கிருந்து ஸ்ட்ரெச்சரில் எங்களிடம் கொண்டுவருவார்கள். புருஷன் அதற்கு முன்பே அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பெண்கள் லூசியேனின் அக்கா வீட்டில் இருந்தார்கள்.

ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தருகிற கமிட்டி ஒருநாள் வந்தது. லூசியேன் ‘மெர்சி’ என்று அடிக்க வேண்டும் என்பது எங்கள் டைரக்டரின் ஏற்பாடு. அடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எதற்கு நன்றி, யாருக்கு நன்றி என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும்தான். லூசியேனுக்கு ஒரு முழம் தள்ளி நின்ற கமிட்டிக்காரர் குனிந்து என்னிடம் கேட்டார்.

“பாவம், அவங்களுக்குக் காது கேட்குமா?”

சபாநாதனின் கன்னம்

எங்கள் பட்டறையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார், சபாநாதன். இரும்பும் வயரும் அவர் கையில் சொன்னபடி கேட்கும். லூசியேனின் கன்னம் கன்றிப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த சுவிட்சைத் தன் கன்னத்தில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தார். டைரக்டர் சிரித்தார். நானும், “என்ன சபா, பல்வலியா?” என்று கிண்டல் பண்ணினேன்.

மூன்றாம் நாள் அவர் கன்னமும் கன்றியிருந்தது. சுவிட்சைக் கழற்றி மேஜையில் வைத்து, மெத்தென்று ஏதாவது துணி சுற்றலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். “போதும், உங்களுக்கு வலிக்கப்போகுது” என்றேன்.

“அக்கா, எனக்கு நொந்தால் நான் கழட்டி எறிஞ்சுபோட்டு வீட்டை போயிடுவன். அந்த மனுசி எங்கை போறது?”

சந்தையில் இரண்டு பெண்கள்

சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போவேன். அங்கே காய்கறிக் கடையில் நின்ற ஒரு பெண்மணி என்னை அடையாளம் கண்டுகொண்டார். லூசியேனின் அக்கா, தங்கையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரும்போது என்னை அங்கே பார்த்திருக்கிறார். பெட்டிகளுக்கு நடுவே இரண்டு சிறுமிகள் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்குப் பத்து வயது இருக்கும். எனக்கு அப்போது பிரெஞ்சு என்றால் போன்ஜூர், மெர்சி, அதோடு தெபனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்குகிற அளவு. அவள் பள்ளிக்கூட இங்கிலீஷில் என்னிடம் பேசினாள்.

அம்மா மிஷினில் எழுதுகிறாளாமே, என்ன எழுதுகிறாள் என்று கேட்டாள். நான் பெருமையாகச் சொன்னேன், நாங்கள் ஒரு வாக்கியம் கொடுப்போம், அதைப் பார்த்து அம்மா அப்படியே அடிப்பாள், ரொம்பச் சமர்த்து என்று. வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நாற்பது நிமிஷம். சொந்தமாக எழுதினால் ஒருவர் வேகத்தை இன்னொருவர் வேகத்தோடு ஒப்பிட முடியாது, அதனால் காப்பி மட்டும்தான். இதையெல்லாம் ஒரு குழந்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், என்னை என்ன சொல்ல! அவள் பட்டாணியைக் கீழே வைத்தாள்.

“எங்களுக்கு ஒண்ணுமே எழுதலையா?”

என் எண்ணிக்கை

அந்த மாசி மாதக் குளிரில் ஒரு புதன்கிழமை, லூசியேனுக்கு நான் கொடுத்த வாக்கியம், ‘சின்னப் பூனை வெதுவெதுப்பான பால் குடிக்கிறது’. பிரெஞ்சில் இருபத்தாறு எழுத்து. வழக்கமாக இரண்டு மூன்று தப்புக்கு மேல் வராது. அன்றைக்கு வந்த காகிதத் துண்டை வாக்கியத்துக்கு அடியில் வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். இருபத்துநாலு தப்பு. சரியாக இருந்த இரண்டும் தற்செயல். வெள்ளிக்கிழமையும் அப்படியே. திங்கட்கிழமையும் அப்படியே.

ஃபாரத்தில் காரணம் எழுத மூன்று கட்டம் இருக்கும். மிஷின் கோளாறா? சபாநாதனைக் கூப்பிட்டேன், எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தது. களைப்பா? இல்லை, மூன்று நாளும் கண் பளிச்சென்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் ஒரே கட்டம்தான்: ‘சொல்வதைப் புரிந்துகொள்ளும் திறன் குறைந்துவிட்டது’. டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. டைரக்டர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“ஐயோ பாவம். இனிமே அவங்க நேரத்தை வேற யாருக்காவது கொடுத்துடலாம்.”

ஜினெட் படித்தது

பத்து நாள் கழித்து, எங்கள் டைப்பிஸ்ட் ஜினெட் பழைய துண்டுகளை ஃபைலில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மான்ட்ரியாலிலேயே பிறந்து வளர்ந்த பெண், சதா பாட்டு முணுமுணுப்பாள். பாட்டு சட்டென்று நின்றது. இது யார் எழுதியது என்று கேட்டாள். அதுவா, தப்பாக அடித்தது, ஒரு அர்த்தமும் இல்லை என்றேன். இடைவெளி விட்டால் நேரம் போகும் என்று லூசியேன் எல்லா எழுத்தையும் சேர்த்தே அடிப்பார். எனக்கோ அது எழுத்துக் குவியல், எண்ணுவதற்கு மட்டும் லாயக்கு.

ஜினெட் விரல் வைத்துப் படித்தாள். ‘என் பெண்கள் என் அக்காவிடம். அவனிடம் வேண்டாம்.’ மூன்று நாளும் அதேதான். அப்புறம் விசாரித்தால் விஷயம் வெளியே வந்தது. வடக்கே அபிட்டிபியில் சுரங்க வேலைக்குப் போன புருஷன் பெண்களைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறான். குழந்தைகள் விவகாரம் பார்க்கிற அதிகாரி அம்மா ஒருவர் அந்த முதல் புதனுக்கு முந்தின நாள்தான் லூசியேன் படுக்கையருகே வந்து, உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்ல லூசியேனுக்கு இருந்த ஒரே வாய் எங்கள் மிஷின். அதில் பதில் சொன்னார். நான் எண்ணினேன். என் அறிக்கையைப் பார்த்துவிட்டு, தாய்க்கு விருப்பம் சொல்லும் நிலை இல்லை என்று எழுதிப் பெண்களைத் தகப்பனோடு அனுப்பிவிட்டார்கள். ஜினெட்டுக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. துண்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“மதாம், இதிலே ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லையே!”

இரண்டு கையெழுத்து

டைரக்டர் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் போனேன். அறிக்கையைத் திருப்பி வாங்க வேண்டும் என்றேன். கொடுத்த வாக்கியத்தோடு ஒப்பிட்டால் உன் எண்ணிக்கை சரிதானே, சரியான எண்ணிக்கையை எப்படித் திருத்துவது என்றார். “ரெண்டு பெண் குழந்தைங்க சார்!” என்று கத்தினேன். இது குடும்ப நல அலுவலகம் இல்லை, மிஷின் ஆராய்ச்சி என்றார். அன்றைக்கு அவரை நான் திட்டியதெல்லாம் தமிழில். அவருக்குப் புரியாதது அவர் அதிர்ஷ்டம்.

திருத்தம் ஒன்றை நானே எழுதிக் கையெழுத்திட்டு, ஜினெட்டையும் கூட்டிக்கொண்டு, அந்த மூன்று துண்டுகளோடு அதிகாரி அம்மாவிடம் போனேன். கெட்டவர் இல்லை. காபி கொடுத்தார். பழைய அறிக்கையையும் என் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டிலும் உங்க கையெழுத்துதான் இருக்கு. நான் எந்த உங்களை நம்பறது?”

கடைசி நாற்பது நிமிஷம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் திரும்பி வரவில்லை. லூசியேன் அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் அக்கா அதற்குப் பிறகு எனக்குக் கத்தரிக்காய் விற்றதில்லை, தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிந்தது. கடைசி நாள் வந்துவிட்டது, மறுநாள் மிஷினைப் பெட்டியில் அடைக்க வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி லூசியேனுக்கு ஒரு நாற்பது நிமிஷம் வாங்கி, அதிகாரி அம்மாவையும் வரவழைத்தேன். முதலில் லூசியேனிடம் நான் செய்ததைச் சொன்னேன், ஜினெட் பிரெஞ்சில் சொன்னாள். மன்னிப்பும் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களே எழுதுங்கள் என்றேன். அதிகாரி அம்மா குறுக்கிட்டார். புரிந்துகொள்ளும் திறன் இல்லை என்று ஓர் அறிக்கை இருப்பதால், அது இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டுமாம். அதற்கு நாங்களே வகுத்த முறைதான்: கொடுத்த வாக்கியத்தைக் காப்பி பண்ணிக் காட்ட வேண்டும். அதற்கப்புறம் சொந்த வார்த்தை. நான் வாதாடிப் பார்த்தேன். விளக்கை வேகமாக ஓட்டலாமா என்று சபாநாதன் கேட்டார், அந்தக் கன்னத்தால் அது முடியாது. பூனை வாக்கியத்தையே வைத்தோம்.

ஒரு தப்பும் வந்துவிடக் கூடாது என்று லூசியேன் ஒவ்வொரு எழுத்துக்கும் விளக்கை ஒரு சுற்றுப் போகவிட்டு, இரண்டாவது சுற்றில்தான் தட்டினார். பூனைக்கும் பாலுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. இருபத்தாறும் சரி. என் சர்வீஸில் நான் பார்த்த முதல் முழுசான தாள் அதுதான். உடனே சொந்த வார்த்தையை ஆரம்பித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ஐந்து எழுத்து வந்தது. ஆறாவதுக்கு விளக்கு இரண்டு சுற்று, மூன்று சுற்று ஓடியது, தட்டவில்லை. தலை சரிந்து தொங்கிவிட்டது. வெளியே ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். இன்னும் பத்தே நிமிஷம் என்று அவர்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், லூசியேன் மூச்சு வாங்குவதைப் பார்த்து நானே கையை விட்டேன். அதிகாரி அம்மா துண்டைக் கிழித்து எடுத்தார். அது ‘என் பெண்கள்’ என்பதன் ஆரம்பம், பாருங்கள், பாருங்கள் என்று ஜினெட் அழுதுகொண்டே சொன்னாள். அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார்.

“முதல் இருபத்தாறும் சரி. முடிக்காத வார்த்தையை நான் என்னன்னு எழுதறது, சொல்லுங்க? கடைசி அஞ்சையும் தப்புன்னுதான் போடணும்.”

பேச முடியாதவர்களுக்கு மிஷின் செய்யத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்; கேட்கிறவர்களுக்கும் ஒன்று வேண்டியிருக்கும் என்று உதவித்தொகை விண்ணப்பத்தில் நாங்கள் யாரும் எழுதவில்லை.