ஏரியலுக்குப் பீங்கான் முட்டை

இன்று பீங்கான் கடைக்குப் போய், "ரேடியோவுக்கு ஏரியல் கட்டணும், ரெண்டு முட்டை குடுங்க" என்றேன்.

கடைக்காரர் அடைகாக்கும் கோழி பொம்மையை எடுத்து வைத்தார்.

"பொம்மை இல்லீங்க. ஏரியல் கம்பி சுவத்துலயும் மரத்துலயும் படாம இழுத்துக் கட்டுற பீங்கான் முட்டை."

"செல்போன் வந்தப்புறம் ரேடியோவா பெரியவரே? வூட்ல ஒண்ணும் சொல்லலியா?"

"புயல் அடிச்சா டவரு படுத்துக்கும். நானே செஞ்ச சிற்றலை ரேடியோ இது, பேட்டரியிலயே பாடும்."

"மொதல்ல பாடட்டும், பாக்கலாம்."

அவர் தேடி எடுத்துத் தந்த ரெண்டு முட்டையோடு வீட்டுக்கு வந்து, முனைக்கு ஒன்றாக வைத்து, மாடியிலிருந்து தென்னை வரை கம்பியை இழுத்துக் கட்டினேன். ரேடியோ கரகரத்தது. பிறகு ஏதோ தூர தேசத்திலிருந்து ஒரு பெண் தமிழில் செய்தி வாசித்தார்!

சிரிப்பவர்கள் இன்றே சிரித்துக்கொள்ளுங்கள். புயலன்று செய்தி கேட்க யார் யார் என் வீட்டுக்கு வருவீர்கள் என்று கீழே எழுதுங்கள். கண் மங்கினாலும் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவேன்.